மெல்லிய வலை – அத்தியாயம் 17: அண்ணன் போட்ட கையெழுத்து

காலை ஏழரை மணிக்கு பம்பாயின் மாட்டுங்கா ஆய்வகத்தில் ஜோஸ்பினைத் தவிர யாரும் இல்லை. நாலு நாளாக விடாத மழை. அலமாரியைத் திறந்து, ஐந்தாம் எண் ஒட்டிய பொட்டலத்தை எடுத்தாள். சீல் பிரியாமல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் நாலு ஓரத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

உள்ளே இருந்தது ஒரு வெள்ளை ஏடு. கையகலம்தான். பார்த்தால் டிஷ்யூ பேப்பர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். அந்த ஏட்டுக்காக அவளுடைய வாழ்க்கையில் ஐந்து வருடம் போயிருந்தது.

ஒரு ஊசியின் நுனியில் பாலிமர் கரைசல் சொட்டாகத் திரண்டு நிற்கும். அதற்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்தால் சொட்டு கீழே விழாது. கண்ணுக்குத் தெரியாத இழையாக இழுபட்டு, எதிரே சுற்றும் உருளையில் போய்ப் படியும். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குதான் அந்த இழை. நம் தோலுக்கு அடியிலும் இப்படியொரு இழைவலைதான் இருக்கிறது. புண்ணின் மேல் இந்த ஏட்டைப் போர்த்தினால், சுற்றியுள்ள செல்கள் தங்கள் சொந்த இடம் என்று நம்பி ஏறி வந்து பெருகும். வேலை முடிந்ததும் ஏடு உடம்போடு கரைந்துவிடும்.

எழுத எளிது. முதல் இரண்டு வருடம் செல்கள் ஏறின, ஆனால் உள்ளே இறங்கவில்லை. வலை அவ்வளவு நெருக்கம். மொட்டை மாடியில் படுக்கப் போனவர்கள் மாதிரி மேலேயே கிடந்தன. ஜோஸ்பின் இரண்டு ஊசி வைத்தாள். ஒன்றிலிருந்து நிலைத்து நிற்கும் இழை. இன்னொன்றிலிருந்து தண்ணீரில் கரையும் இழை. இரண்டும் கலந்து படிந்தபின் அலசினால் ஒன்று போய்விடும். அது இருந்த இடம் வழியாகிவிடும். அந்த வழியில் செல்கள் உள்ளே இறங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று, அவள் யாரிடமும் சொல்லாமல் கேன்டீனுக்குப் போய் இரண்டு வடாபாவ் தின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

பிறகு மழைக்காலம் வந்து, காற்றின் ஈரத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஏ.சி. மெக்கானிக்கான அண்ணன் ஆன்றோ பழைய ஃப்ரிட்ஜ் பாகங்களை வைத்து ஒரு கண்ணாடிப் பெட்டி கட்டினான். ஊசியையும் உருளையையும் அதற்குள் வைத்து, ஈரத்தை நாற்பது சதவீதத்துக்கு இறக்கிக் காட்டினான். "இதுக்குப் போயா அழுத?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அந்த ஆன்றோதான் பன்னிரண்டு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். செம்பூரில் ஒரு ஃப்ளாட்டில் செம்புக் குழாயைப் பற்றவைத்தபோது உள்ளே தேங்கியிருந்த கேஸ் தீப்பிடித்தது. இடது கையும் தோளும் வெந்துபோயின. முந்தாநாள்தான் தேவ்நார் பக்கத்து ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு, அங்கே தீக்காயப் பிரிவு இருக்கிறது என்று மாற்றினார்கள். இன்று ஆபரேஷன். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவிக் கையில் ஒட்டுவார்கள்.

ஜோஸ்பினின் ஏட்டை மனிதர்களிடம் சோதிப்பதும் அதே ஆஸ்பத்திரியில்தான். வெந்த இடத்தில் அல்ல, தோல் சீவிய தொடையில். பாதிக்கு வழக்கமான கட்டு, பாதிக்கு அவள் ஏடு. எது சீக்கிரம் ஆறுகிறது, எதில் வலி குறைவு என்று பத்தாம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். பன்னிரண்டு பேர் வேண்டும். இதுவரை நாலு பேர்தான் கிடைத்திருந்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு இன்று.

அது யார் என்று ஜோஸ்பினுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணனை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று குடையை எடுத்தாள்.

ஆன்றோ தன் அண்ணன் என்று அந்த ஆஸ்பத்திரியில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள். அம்மாவையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

டாக்டர் பாகீரதிக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. தீக்காய வார்டில் இருபத்தாறு வருடம். நர்சுகளை மராட்டியிலும் வார்டு பாய்களை ஹிந்தியிலும் அதட்டிவிட்டு, தமிழ்க்காரர்களிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசுவார். ஜோஸ்பினின் ஏட்டை நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு அவருடையது.

"வா ஜோஸ்பின். நன்னா நனைஞ்சுட்டியே! ட்ரெயின் ஓடறதா?"

"குர்லால கால் மணி நேரம் நிறுத்திட்டாங்க மேடம்."

"பொட்டலம்?"

"அது நனையல. நான் மட்டும்தான்."

பாகீரதி சிரித்துக்கொண்டே பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடு. தியேட்டருக்கு அனுப்பணும்."

பதிவேட்டின் மேல் சம்மதப் படிவம் கிளிப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. ஜோஸ்பின் அதை நகர்த்தும்போதுதான் பெயரைப் பார்த்தாள்.

ஆன்றோ சந்தியாகு. வயது முப்பத்து நான்கு. தாராவி.

கீழே கையெழுத்து. கடைசி எழுத்தை நீளமாக இழுத்துவிடும் அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா இறந்த பிறகு அவளுடைய ரிப்போர்ட் கார்டில் அதுதான் இருக்கும்.

ஏழாவது கேள்வி: 'இந்த ஆராய்ச்சியில் பணிபுரிவோர் யாராவது உங்களுக்கு உறவினரா?' 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தான்.

பேனா அவள் கையில் இருந்தது. மழை ஜன்னலில் அடித்தது. பாகீரதி வேறு ஏதோ பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை; சொன்னவன் அவன். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்த ஏடு அண்ணனின் தொடையில் இருக்கும். அவன் படப் போகும் எரிச்சலில் பாதியாவது குறையும். ஐந்தாவது ஆளும் ஆயிற்று.

ஆனால் நாளைக்கு இந்தச் சோதனைக் கணக்கை நம்பி, எங்கோ ஒரு ஊரில், வெந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒருத்திக்கு இதைப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு பொய் இருக்கும். அது இருப்பது தனக்கு மட்டும் தெரியும்.

"மேடம்," என்றாள். "இவர் என் அண்ணன்."

பாகீரதி கண்ணாடியைக் கழற்றினார். "கூடப் பொறந்தவனா?"

"ஆமா மேடம்."

"ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது உனக்குத் தெரியுமா?"

"இப்பதான் பாக்கறேன்."

"நான் ரெண்டு நாளா ரவுண்ட்ஸ்ல அவரைப் பார்த்துண்டிருக்கேன். உன் அண்ணான்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சலுகை கேட்ட மாதிரி ஆயிடும்னு..."

பாகீரதி சிவப்புப் பேனாவை எடுத்தார். "நீ நல்லதுன்னு நினைச்சுதான் சொல்லலை. எனக்குப் புரியறது. இந்த மாதிரி சோதனையை மேற்பார்வை பண்ற கமிட்டிக்கு அப்படிப் புரியாது ஜோஸ்பின். நீ மறைச்சு வெச்சேன்னுதான் எடுத்துப்பா."

ஜோஸ்பினுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

பாகீரதி படிவத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, தேதி எழுதினார். "இது ரத்து. கமிட்டிக்கு இன்னிக்கே எழுதியாகணும். வா, உங்க அண்ணாட்ட நான் பேசணும்."

*

ஆன்றோ இடது கை முழுக்கக் கட்டுடன் படுத்திருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் அம்மா சவரியம்மாள். தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். பன்னிரண்டு நாளாக லீவு. அடுத்த கட்டிலில் வலது காலில் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்ட ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பாகீரதி கட்டிலருகே நின்று ஜோஸ்பினைக் காட்டினார். "மிஸ்டர் ஆன்றோ, இவாளை உங்களுக்குத் தெரியுமோ?"

ஆன்றோ தங்கையை மேலும் கீழும் பார்த்தான். கண் இமைக்கவில்லை.

"இல்லையே டாக்டர். புது நர்சா?"

சவரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் மூக்கு அப்படியே ஜோஸ்பின் முகத்தில் இருந்தது.

"அண்ணே, போதும்," என்றாள் ஜோஸ்பின். "சொல்லிட்டேன்."

"ஏட்டி, கெடுத்துட்டியே!" என்று ஆன்றோ தலையணையில் தலையைப் போட்டான்.

பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இதுல வேலை செய்யறவாளோட குடும்பத்தைச் சேர்க்கப்படாதுன்னு ஏன் வெச்சிருக்கோம் தெரியுமா? வலிச்சாலும் தங்கைக்காக நீங்க வலிக்கலைம்பேள். அரைகுறையா ஆறினதை நன்னா ஆறிடுத்துன்னு இவ பார்ப்பா. வேணும்னு இல்லை, பாசத்துல. அப்புறம் அந்தக் கணக்கை யார் நம்பறது? உங்க ஆபரேஷன் நடக்கும், அதுல ஒரு மாத்தமும் இல்லை. தொடைக்கு எப்பவும் போடற கட்டைப் போடுவோம். ஆனா, ஏன் இப்படிப் பண்ணினேள்?"

ஆன்றோ தங்கையைப் பார்க்காமல் சொன்னான். "பன்னெண்டு பேரு வேணும், நாலு பேருதான் கிடைச்சிருக்குன்னு சோறு திங்காம உக்காந்திருந்தா டாக்டர். எப்பிடியும் என் தொடையை உரிக்கத்தான போறிய. ஒரு ஆளு கூடட்டுமேன்னு நெனச்சேன்."

பாகீரதி அவன் வலது தோளைத் தொட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அவர் நகர்ந்ததும் சவரியம்மாள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அஞ்சு வருசமா வீட்டுல தங்காம அதைச் செஞ்சே. அதுக்குப் பொட்டி கட்டிக் குடுத்தவன் இவன். அந்தச் சாமானம் இதே ஆசுபத்திரியில இருக்கு. ஆனா இவனுக்கு இல்லைன்னு சொல்லுதே. நீயெல்லாம் ஒரு தங்கச்சியாட்டி?"

"எம்மா, அது புண்ணை ஆத்துமா ஆத்தாதான்னே இன்னும் முழுசாத் தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கிடத்தான் பன்னெண்டு பேரு. வீட்டு ஆளை உள்ள வச்சா, நல்லா ஆறுச்சுன்னு நான் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது."

"நம்பாட்டா போறாவ. எம் பிள்ளைக்கு எரிச்சல் கொறைஞ்சா எனக்குப் போதும்."

"எனக்கு மட்டும் வேண்டாம்னா இருக்கு?" என்றாள் ஜோஸ்பின்.

சவரியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆன்றோ, "விடும்மா, விடும்மா" என்று ஒரு கையை ஆட்டினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"டாக்டரம்மா."

அடுத்த கட்டில்காரர்தான். பெயர் நாகூர் மீரான். நாற்பத்திரண்டு வயது, கடையநல்லூர்க்காரர். தாராவியில் முறுக்குப் போடும் ஒரு கூடத்தில் வேலை. எண்ணெய்ச் சட்டி சரிந்து காலில் ஊற்றியிருந்தது. ஆன்றோவுக்கு அடுத்து இன்று அவருக்குத்தான் ஆபரேஷன். இந்தச் சோதனையில் சேருகிறாரா என்று அவரையும் நேற்றுக் கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று படிவத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்.

"நீங்க பேசுனது காதுல விழுந்துட்டு. அந்த மருந்தைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"நான் டாக்டர் இல்லண்ணே. மேடம் வரட்டும், அவங்ககிட்ட கேளுங்க."

பாகீரதி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். யோசித்துவிட்டு, "எதனால செஞ்சது, எப்படி வேலை செய்யறதுன்னு அவர் கேட்டா, அதுக்கு மட்டும் நீ பதில் சொல்லு. நான் இங்கயே நிக்கறேன்," என்றார்.

மீரான் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "நேத்து ஒரு தம்பி ஃபாரத்தை வாசிச்சுக் காட்டுனாரு. ஜெலட்டின்னு ஒண்ணு வந்துச்சு. அது பன்னியில எடுக்கதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதான் யோசிக்கேன்னேன். கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

"பன்னி இல்லண்ணே. மாடும் இல்ல. மீன் தோல்ல எடுத்தது." ஜோஸ்பின் அவர் பக்கம் திரும்பி நின்றாள். "நான் தாராவில பொறந்தவ. எங்க சந்துல யாருக்குப் போட்டாலும் முதக் கேள்வி இதாத்தான் இருக்கும்னு தெரியும். அதனால ஆரம்பத்திலேயே மீனுதான்னு வச்சுட்டேன்."

அதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மீன் ஜெலட்டினில் இழை இழுத்தால் பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகும். பன்றியில் எடுத்ததை வாங்கியிருந்தால் ஒரே மாதத்தில் முடிந்திருக்கும் வேலை, அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதை அவள் சொல்லவில்லை.

"மீன் சாப்பிட்டா உடம்புல தடிப்பு, அரிப்பு ஏதும் வருமா உங்களுக்கு? வந்தா இதைப் போடக் கூடாது."

"மீனா? தினம் திங்கேனே. ஒண்ணும் செய்யாது." மீரானுக்கு முகம் கொஞ்சம் தளர்ந்தது. "எத்தனை பேருக்குப் போட்டிருக்கிய?"

"நாலு பேருக்கு. மூணு பேருக்கு நல்லா ஆறுச்சு. ஒருத்தருக்கு ஓரத்துல சீழ் வச்சுருச்சு. மருந்து குடுத்துச் சரியாச்சு, ஆனா மத்தப் பாதியைவிட அந்தப் பாதி ஆற நாலு நாள் கூட ஆச்சு. உங்களுக்கும் அப்படி ஆகலாம்."

சவரியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் மீரான். "ரூலு இல்லைன்னு வைங்க. உங்க அண்ணனுக்குப் போடுவியளா?"

ஜோஸ்பின் பாகீரதியைப் பார்த்தாள்.

"அதுக்கு நான் பதில் சொன்னா உங்களை இழுக்கிற மாதிரி ஆயிடும்ணே. தொடை உங்களுது. நீங்க வேண்டாம்னு சொன்னாலும் ஆபரேஷன் இதே மாதிரி நடக்கும். இதே மேடம்தான் செய்வாங்க. ஒரு குறையும் வராது."

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்லுதேன்—" என்று ஆன்றோ ஆரம்பித்தான்.

"அண்ணே, வாயை மூடு!"

மீரான் வாய்விட்டுச் சிரித்தார். கால் வலித்தது போலும். சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த பம்பாய்க்கு வந்து இருபது வருசம் ஆகுது. தன் சரக்கை விக்க மாட்டேன்னு நிக்க ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன். கொஞ்சம் இருங்க, ஊருக்கு ஒரு போன் போட்டுக்கிடுதேன்."

மனைவியிடம் பத்து நிமிடம் பேசினார். மீன் என்ற வார்த்தை மூன்று தடவை கேட்டது. பிறகு தலையணைக்கடியிலிருந்து படிவத்தை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்து, பாகீரதி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

*

வார்டுக்கு வெளியே வந்ததும் பாகீரதி நின்றார்.

"கமிட்டி முடிவு சொல்ற வரைக்கும் நீ இந்த வார்டுக்குள்ள வரப்படாது. மீரானோட ரிப்போர்ட்டையும் பார்க்கப்படாது. பத்தாம் நாள் கட்டுப் பிரிக்கறச்சே நீ இருக்க முடியாது. சரியா?"

முந்தைய நாலு பேருக்கும் கட்டுப் பிரித்தபோது ஜோஸ்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இந்த மாதம் முழுக்க அவள் காத்திருந்தது அப்படியொரு காலைக்காகத்தான்.

"சரி மேடம்."

"இது தண்டனை இல்லை. நீ பண்ணின வேலையைக் காப்பாத்தத்தான்." பாகீரதி போகத் திரும்பியவர், மறுபடி நின்றார். "நீ மீனை ஏன் எடுத்தேங்கற விஷயம் இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். விலை மலிவுன்னு நீ அதைப் போட்டிருக்கேன்னு நினைச்சேன். புதுசு புதுசா எத்தனையோ பேர் இந்த வார்டுக்குக் கொண்டுவருவா ஜோஸ்பின். படுத்திண்டிருக்கறவன் என்ன கேட்பான்னு முன்கூட்டியே யோசிச்சுண்டு வந்தவா ரொம்பக் குறைச்சல்."

ஆன்றோவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் நாக்கைத் துருத்திக் காட்டினான். லிஃப்ட் கதவு மூடியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் பயந்து அவள் பார்த்ததேயில்லை.

அவள் கீழே இறங்கி, மருந்துக்கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். மழையில் நனைந்த ஆட்கள் சீட்டை நீட்டி மருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். தொடையில் தோல் சீவும் கருவியை அவள் பார்த்திருக்கிறாள். எத்தனை மெல்லிசாகச் சீவும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். ஜெபமாலையை எடுத்தாள். பாதியில் எண்ணிக்கை தவறிப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு மணிக்கு பாகீரதியிடமிருந்து செய்தி வந்தது: முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதவும் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

*

ஐந்தரை மணிக்கு சவரியம்மாள் படியிறங்கி வந்தாள். பெஞ்சில் மகளுக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள்.

"கையில ஒட்டியாச்சு. நல்லாப் பிடிச்சுக்கிடும்னு டாக்டரம்மா சொன்னாவ."

"வலி எப்பிடியிருக்காம்?"

"தொடை தீயா எரியுதுன்னு கத்துதான். ஊசி போட்டிருக்காவ. இப்பக் கண்ணசந்துட்டான்."

ஜோஸ்பின் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் விழுந்தது. அம்மா அதைப் பார்க்காததுபோல் மழையைப் பார்த்தாள்.

"எனக்குக் கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் சவரியம்மாள். "எம் பிள்ளை கத்தும்போது வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா அந்த மனுசன் கேட்டதுக்கெல்லாம் நீ பதில் சொன்னே பாரு. சீழ் வச்சதையும் சேத்துச் சொன்னே. அதைச் சொல்லணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து? சொல்லாட்டா அந்த ஆளுக்குத் தெரியவா போகுது? எங்க ஸ்கூல்ல டீச்சர்மாரு எத்தனை பேரு எம் பொண்ணு என்ன படிக்கான்னு கேட்டிருக்காவ. எனக்குச் சொல்லத் தெரியாது. இனி கேட்டா சொல்லிருவேன்."

"என்னன்னு?"

"உண்மையைச் சொல்லுத வேலைன்னு."

அவள் பையைத் திறந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மகள் மடியில் வைத்தாள். காலையில் கொண்டுவந்த புளிச்சோறு. "தின்னு. நான் மேல போணும். அந்த மீரானுக்கு இங்க யாருமில்ல. பொண்டாட்டி ரயிலேறி வர மூணு நாளாவும். வாய் காஞ்சு போய்க் கிடந்தாரு. நர்ஸம்மாகிட்ட கேட்டு ஒதட்டுல பஞ்சை நனைச்சு வச்சேன். மூணு நாளைக்கு அவரையும் சேத்து நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

ஜோஸ்பின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டெட்டால் வாடை அடித்தது.

"அவருக்குத் தொடை—" என்று சவரியம்மாள் தொடங்கினாள்.

"எம்மா, சொல்லாத! அவருக்கு எப்பிடி இருக்குன்னு எங்கிட்ட சொல்லவே கூடாது. நான் கேட்டாலும் சொல்லாத."

"இது என்னட்டி கூத்து!" என்றாள் சவரியம்மாள். ஆனால் வாயை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. பாகீரதி.

"ஜோஸ்பின், கமிட்டியிலேர்ந்து கூப்பிட்டா. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் ஆறாவது ஆள் கிடையாது. எல்லாத்தையும் நிறுத்தி வெக்கச் சொல்லிட்டா."

"மீரான் அண்ணனுக்குப் போட்டது?"

"அதை எடுக்க மாட்டோம். அவரைப் பார்த்துக்கறது என் பொறுப்பு. நீ கேளு, அவாளுக்கு ஒரே கேள்விதான். கையெழுத்துப் போடச் சொன்னது நீயா, இல்லையா. அதை உன்னைக் கேட்கப் போறதில்லை. உங்க அண்ணாவைக் கேட்கப் போறா. முடிஞ்சா வீல்சேர்ல கூட்டிண்டு வரச் சொல்லியிருக்கா. அவர் சொல்றதை நம்பலைன்னா, ஆரம்பிச்ச அஞ்சும் செல்லாதுன்னு போயிடும்."

போனை வைத்துவிட்டு ஜோஸ்பின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கமிட்டியில் அண்ணன் நடந்ததை மட்டும் சொன்னால் போதும். ஆனால் தங்கைக்காக என்றால் அவன் கூட நாலு வார்த்தை சேர்ப்பான். சேர்த்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்.

சவரியம்மாள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் அவன் பக்கத்துலதான இருக்கப் போறேன். நான் பாத்துக்கிடுதேன்."

"எம்மா, நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது. அதையும் கேப்பாங்க."

"நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? நடந்ததை நடந்தபடி சொல்லுலேன்னு சொல்லுவேன். அதுக்கும் ஒரு ரூலு வச்சிருக்கியளா?"

ஜோஸ்பின் யோசித்தாள். அதற்கு எதிராக ரூல் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

சவரியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்டுக்கு முன்னால் வரிசை நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறத் தொடங்கிவிட்டாள்.